உடைந்த சிலையை ஏன் வைத்திருக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

கானாவின் அக்ரா நகரிலுள்ள குவாமே என்க்ரூமா நினைவுப் பூங்காவின் புகைப்படத்தைப் பார்த்தேன். தலையில்லாத வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. துண்டிக்கப்பட்ட தலை பக்கத்திலேயே தனிப் பீடத்தில் இருக்கிறது. கானாவுக்கு விடுதலை வாங்கித் தந்த தலைவர் என்க்ரூமாவை இப்படிக் காட்சிக்கு வைப்பது அவமதிப்பல்லவா? ஒட்டவைக்கலாம், இல்லையேல் உருக்கிவிடலாமே?

வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

ஒட்டவே கூடாது என்பேன். அந்தச் சிலை விடுதலை கிடைத்த சூட்டோடு, அவர் ஆட்சியில் இருக்கும்போதே, பழைய நாடாளுமன்றத்தின் முன் எழுப்பப்பட்டது. ‘முதலில் அரசியல் ராஜ்யத்தைத் தேடுங்கள்’ என்ற அவரது வாக்கு பீடத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. விவிலிய வசனத்தில் கடவுளின் ராஜ்யம் இருந்த இடத்தில் அரசியலை வைத்த வாக்கு அது! 1958இல் வந்த நாணயங்களிலும் அவர் முகம்தான். அதே ஆண்டுதான் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் சட்டமும் வந்தது. விடுதலை இயக்கத்தில் அவருக்கு மூத்தவரான டான்குவா 1965இல் சிறையிலேயே இறந்தார். வாழும்போதே தனக்குச் சிலை வைக்க இடம் கொடுத்த தலைவர்மீது எனக்கு வருத்தம் உண்டு. ஆப்பிரிக்க ஒற்றுமைக்காக அவர் பட்ட பாட்டை எண்ணும்போது அந்த வருத்தம் இன்னும் கூடுகிறது.

1966 பிப்ரவரி 24 அன்று அவர் சீனா சென்றிருந்த வேளையில் ராணுவமும் போலீசும் ஆட்சியைப் பிடித்தன. கூட்டம் சிலையைச் சாய்த்தது. அவர் பிறகு தாய்நாட்டை உயிரோடு பார்க்கவே இல்லை. 1972இல் ருமேனியாவின் புக்கரெஸ்டில் இறந்தார்.

1992இல் திறக்கப்பட்ட பூங்கா, 1957இல் அவர் விடுதலையை அறிவித்த அதே போலோ மைதானத்தில் இருக்கிறது. அங்குள்ள அவரது கல்லறைக்கு முன்னால் கைநீட்டி நிற்கும் புதிய சிலையும் உண்டு. வணங்க நினைப்பவர்களுக்கு அது போதும். உடைந்த சிலை, மக்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்று கேட்க வைக்கிறது. ஒட்டவைத்து மெருகேற்றினால் டான்குவாவின் சாவும் சேர்ந்தே மறையும்.

உருக்குவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தலையை ஒரு குடிமகன் எடுத்துப் பாதுகாத்தார். என்க்ரூமாவின் கட்சியே தடைசெய்யப்பட்டிருந்த நாட்களையும் தாண்டி அது பத்திரமாக இருந்தது. அவருடைய நூற்றாண்டான 2009இல்தான் அது ஒப்படைக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றிக் கொடுக்கப்பட்ட ஒன்றை உலையில் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்புடன்.