கவர்னர் 'முடியாது' என்றால்: அமெரிக்க மாநிலங்களில் வீட்டோ, கேள்வி பதில்

அமெரிக்க மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவை ஆளுநர் தடுப்பது வீட்டோ. அதே சட்டமன்றம் மறுபடி ஓட்டெடுத்து அந்தத் தடையை முறியடிக்கவும் முடியும். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. நான் இருப்பது வட கரோலினாவில், அதனால் உதாரணங்கள் கொஞ்சம் எங்கள் பக்கமாகச் சாயும்.

கேள்வி (நியூஜெர்சியிலிருந்து): அக்கா, ஆளுநர் கையெழுத்தே போடாமல் இருந்துவிட்டால் மசோதா செத்துவிடுமா?

பெரும்பாலான மாநிலங்களில் சாகாது, சட்டமாகிவிடும். அவை நடக்கும்போது வட கரோலினாவில் 10 நாள் கெடு. டெக்சாஸிலும் 10 நாள்தான், ஞாயிறு சேர்த்தியில்லை. அதற்குள் கையெழுத்தும் இல்லை, வீட்டோவும் இல்லை என்றால் மசோதா தானாகவே சட்டம். பெயரையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது, சண்டையும் வேண்டாம் என்று நினைக்கும் ஆளுநர்கள் இந்த வழியைத் தெரிந்தேதான் எடுக்கிறார்கள்.

நியூயார்க்கில் அவை கலைந்த பிறகு கதை வேறு. 30 நாளில் கையெழுத்து விழாவிட்டால் மசோதா காலி. இதைத்தான் பாக்கெட் வீட்டோ என்கிறார்கள்.

கேள்வி (ஷார்லட்டிலிருந்து): வீட்டோவை முறியடிக்க எத்தனை ஓட்டு வேண்டும்? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கலாம், மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறுகிறது. பெரும்பாலான இடங்களில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு. வட கரோலினா, இல்லினாய், மேரிலாந்து போன்ற சில மாநிலங்களில் ஐந்தில் மூன்று. அலபாமா, ஆர்கன்சா, இண்டியானா, கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா ஆகியவற்றில் சாதாரணப் பெரும்பான்மையே போதும் (மேற்கு வர்ஜீனியாவில் பட்ஜெட்டுக்கு மட்டும் கூடுதல்).

ஆனால் பின்னத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: யாரில் ஐந்தில் மூன்று? மொத்த உறுப்பினர்களிலா, அன்றைக்கு வந்து ஓட்டுப் போட்டவர்களிலா? இல்லினாயில் மொத்தம். எங்கள் மாநிலத்தில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் மட்டும்.

இதன் விளைவை 2019 செப்டம்பர் 11 அன்று பார்த்தோம். மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்கம் இல்லாத பட்ஜெட்டை ஜனநாயகக் கட்சி ஆளுநர் ராய் கூப்பர் வீட்டோ செய்திருந்தார். கீழவையில் 120 பேர். எல்லோரும் வந்து ஓட்டுப் போட்டால் முறியடிக்க 72 வேண்டும், குடியரசுக் கட்சியிடம் அவ்வளவு இல்லை. அன்று காலை அவை கூடியபோது ஜனநாயகக் கட்சி இருக்கைகளில் பாதிக்கு மேல் காலி. காலையில் ஓட்டெடுப்பு இருக்காது என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக அவர்கள் பிறகு கொதித்தார்கள், அப்படி எந்த வாக்கும் தரவில்லை என்றது எதிர்த்தரப்பு. ஓட்டெடுப்பு நடந்தது, 55க்கு 9. ஓட்டுப் போட்ட 64 பேரில் 39 இருந்தாலே போதுமே! அவைக்குள் ஒரே கூச்சல்.

இவ்வளவு செய்தும் பலன் இல்லை. மேலவையிலும் அதே ஐந்தில் மூன்று வேண்டும். அங்கே கடைசிவரை அது ஓட்டெடுப்புக்கே வரவில்லை, பட்ஜெட் கிடப்பில் போனது.

கேள்வி (அதே ஊர், இன்னொருவர்): நம் மாநிலத்து ஆளுநருக்கு முன்பு வீட்டோவே கிடையாதாமே?

ஆமாம். 1996 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். 50 மாநிலங்களில் கடைசி நாம்தான். முதல் வீட்டோ வந்தது 2002இல், மைக் ஈஸ்லி காலத்தில்.

கேள்வி (சான் ஹோசேயிலிருந்து): கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதா, எஸ்.பி. 403, 2023 மே மாதம் மேலவையில் 34க்கு 1 என்று தேறியது. அக்டோபரில் கவின் நியூசம் வீட்டோ செய்தார். அவ்வளவு ஆதரவு இருந்தும் ஏன் யாரும் முறியடிக்கவில்லை?

மேலவையில் மொத்தம் 40 பேர், முறியடிக்க 27 போதும். காகிதக் கணக்குப்படி ஓட்டு தாராளமாக இருந்தது. ஆனால் முதல் ஓட்டு மசோதாவைப் பற்றியது, இரண்டாவது ஓட்டு சொந்தக் கட்சி ஆளுநரை எதிர்த்துப் போடுவது. உறுப்பினர்களின் மற்ற மசோதாக்கள் அவர் மேஜையில்தான் காத்திருக்கும், தொகுதிக்கு வேண்டிய நிதியிலும் அவர் கை இருக்கும். கலிபோர்னியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வீட்டோகூட முறியடிக்கப்படவில்லை, இத்தனைக்கும் சட்டமன்றத்தில் ஒரே கட்சிக்கு மூன்றில் இரண்டுக்கு மேல் பலம். இருக்கிற சட்டங்களே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கின்றன என்பது நியூசம் சொன்ன காரணம். அது போதுமான காரணமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். அது தனிச் சண்டை.

கேள்வி (லூயிவில்லிலிருந்து): எங்கள் கென்டக்கியில் பாதிக்கு மேல் இருந்தாலே முறியடிக்கலாம் என்றால், வீட்டோவால் என்ன லாபம்?

அவகாசம்தான் லாபம். அதையும் உங்கள் சட்டமன்றம் அடைத்துவிடுகிறது. முக்கியமான மசோதாக்களை முன்கூட்டியே நிறைவேற்றி அனுப்பிவிட்டு, ஆளுநருக்கு உரிய 10 நாளும் கழியும்வரை அவையைத் தள்ளிவைக்கிறார்கள். கடைசி இரண்டு நாளைக் கையில் வைத்திருந்து, திரும்பி வந்து ஆண்டி பெஷியர் செய்த வீட்டோக்களை வரிசையாக முறியடிக்கிறார்கள். மசோதாவைத் தாமதமாக அனுப்பி, கூட்டத்தொடரும் முடிந்துவிட்டால் வீட்டோ அப்படியே நின்றுவிடும்.

கேள்வி (டாலஸிலிருந்து): டெக்சாஸில் 2025இல் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தரும் டிஎச்சி பொருள்களுக்கான தடையை ஆளுநர் அபட் கடைசி நிமிடத்தில் வீட்டோ செய்தார். ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தார்?

காத்திருந்தால் அவருக்கு நஷ்டமே இல்லை. உங்கள் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, 140 நாள் கூடுகிறது. மசோதாக்கள் கடைசி வாரங்களில் கும்பலாக நிறைவேறும். அவை கலைந்த பிறகு ஆளுநருக்கு 20 நாள், அந்த வருடம் அது ஜூன் 22 நள்ளிரவோடு முடிந்தது. அதற்குள் உறுப்பினர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்களாகச் சிறப்புக் கூட்டம் கூட்ட முடியாது. கூட்டும் அதிகாரமும், அங்கே எதைப் பேசலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் ஆளுநருக்கு மட்டுமே. முறியடிக்க மூன்றில் இரண்டு என்று அரசியல் சட்டம் சொல்கிறது, ஆனால் ஓட்டுப் போட அவை எங்கே? கடைசியாக அங்கே ஒரு வீட்டோ முறியடிக்கப்பட்டது 1979இல்.

கேள்வி (மில்வாக்கியிலிருந்து): 400 வருட வீட்டோ என்று எங்கள் ஊரில் கேலி செய்கிறார்கள். நிஜமா?

நிஜம்தான். விஸ்கான்சினில் நிதி ஒதுக்கும் மசோதாக்களில் ஆளுநர் ஒரு பகுதியை மட்டும் அடிக்கலாம், 1930இல் வந்த திருத்தம் அது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் ஒரு தொகையை அடிப்பதோடு சரி. இங்கே சொல்லையும் இலக்கத்தையும்கூட அடிக்கிறார்கள்.

2023 பட்ஜெட்டில், பள்ளி மாவட்டங்கள் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 325 டாலர் கூடுதலாக வருவாய் திரட்டலாம் என்று இருந்தது, 2023-24, 2024-25 ஆகிய இரண்டு கல்வியாண்டுகளுக்கு மட்டும். டோனி எவர்ஸ் நடுவிலிருந்த சொற்களையும், இரண்டாவது ஆண்டிலிருந்த 20ஐயும், ஒரு சிறு கோட்டையும் அடித்தார். மிஞ்சியது 2023-2425. இரண்டு வருடச் சலுகை நான்கு நூற்றாண்டுக்கு நீண்டுவிட்டது!

எழுத்துகளைப் பொறுக்கி அடித்துப் புதுச் சொல் உண்டாக்குவதை 1990லும், இரண்டு வாக்கியங்களை வெட்டி ஒட்டுவதை 2008லும் தடை செய்துவிட்டார்கள். இலக்கங்களைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மாநில உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் 4க்கு 3 என்று செல்லும் என்றது. சாமர்த்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டமன்றம் நினைத்தே பார்க்காத சட்டத்தை ஒரு பேனா எழுதுவது எனக்கு உவப்பில்லை, எந்தக் கட்சிக்காரர் செய்தாலும்.

கேள்வி (ஷிகாகோவிலிருந்து): எங்கள் இல்லினாயில் முறியடித்தது உண்டா?

2017 ஜூலை 6. இரண்டு வருடத்துக்கு மேல் முழு பட்ஜெட் இல்லாமல் மாநிலம் தள்ளாடிக்கொண்டிருந்தது. வருமான வரியை 3.75இலிருந்து 4.95 சதவீதமாக உயர்த்தும் மசோதாவை ப்ரூஸ் ரவுனர் வீட்டோ செய்தார். மேலவை முறியடித்துவிட்டது, பாக்கி கீழவை. அந்த நேரம் பார்த்து யாரோ ஏதோ பொடியைத் தூவ, கட்டடத்தையே பூட்டிச் சோதனை போட்டார்கள். இரண்டு மணி நேரம் போல அதிலேயே போனது. பிறகு ஓட்டெடுப்பு. வேண்டியது 71, கிடைத்ததும் 71. ரவுனரின் சொந்தக் கட்சியில் சிலர் அவருக்கு எதிராகப் போட்டதால்தான் அதுவும்.

கேள்வி (சென்னையிலிருந்து): இங்கே ஆளுநர் மசோதாவை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தாரே, அங்கே அது முடியுமா?

முடியாது, மேலே சொன்ன கெடு விடாது. நம் இந்திய அரசியல் சட்டத்தின் 200ஆவது பிரிவில் நாள் கணக்கு இல்லை. சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது என்கிறது அது, அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். ஓட்டுக் கணக்கில் நம் சட்டமன்றத்துக்குப் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களைவிட வேலை சுலபம். எப்போது என்பதில்தான் சிக்கல். தமிழ்நாட்டு மசோதாக்கள் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8இல் தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதும், நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது என்றது. இன்னொன்று, அங்கே ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டோ பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம்.

கேள்வி (ராலேயிலிருந்து): ஒரு மசோதாவுக்கு வீட்டோ விழுந்த பிறகு நான் எதைக் கவனிக்க வேண்டும்?

சட்டமன்ற இணையதளத்தில் அந்த மசோதாவின் பக்கத்தைத் திறந்து, அன்றைய அவை நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் நிரலில் வைப்பார்கள், மறுநாளுக்குத் தள்ளுவார்கள், மறுபடி வைப்பார்கள். எதிர்த்தரப்பில் யார் யார் ஊரில் இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2024 தேர்தலுக்குப் பிறகு கீழவையில் குடியரசுக் கட்சிக்கு 71 பேர், முழு அவையில் ஒரே ஒரு ஓட்டு குறைவு. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு போன் போடுவதென்றால், வீட்டோ விழுந்த அன்றைக்கே போடுங்கள்.