பக்கத்து வீட்டு ஜி.டி.ஓ.வை வாங்கலாமா?

கேள்வி: மிச்சிகன் மாநிலம் டிராய் நகரில் வசிக்கிறேன். வயது 44, கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் வேலை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 78 வயது. பான்டியாக் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1967-ல் 3,300 டாலர் கொடுத்துப் புதிதாக வாங்கிய பான்டியாக் ஜி.டி.ஓ. கார் இன்னும் அவர் கராஜில் இருக்கிறது. சிவப்பு நிறம், நான்கு கியர், ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது. இப்போது மகளோடு போய் இருக்கப் போகிறார், அதனால் விற்கிறார். எனக்கென்றால் 58,000 டாலர் என்கிறார். "எல்லாம் நம்பர்ஸ் மேட்சிங், விலை இனி ஏறிக்கொண்டேதான் போகும்" என்றும் சொல்கிறார். அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டால் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. மனைவியோ, பையன் காலேஜுக்குச் சேர்த்த பணத்தை இரும்பில் போடுவதா என்கிறார். இது நல்ல முதலீடா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: முதலீடு என்றால் வேண்டாம். உங்கள் மனைவி சொல்வது சரி. ஆனால் கடிதத்தில் எஞ்சின் சத்தம் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் பெரியவரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 3,300 டாலர் 58 ஆண்டுகளில் 58,000 ஆகியிருக்கிறது. கேட்க மலைப்பாக இருக்கும். கூட்டு வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம்தான். 1967-ன் 3,300 டாலர், விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால் இன்றைக்கு 30,000 டாலருக்குச் சற்று மேல். இந்த இடைவெளியில் அவர் கட்டிய இன்சூரன்ஸ், மாற்றிய டயர், அடித்த பெயின்ட், கராஜில் அது அடைத்துக்கொண்ட இடம் எதையும் நான் கழிக்கவில்லை. முதல் சொந்தக்காரருக்கே லாபம் இவ்வளவுதான். நீங்கள் மலையடிவாரத்தில் ஏறவில்லை, உச்சிக்குப் பக்கத்தில் ஏறுகிறீர்கள்.

இந்தக் காருக்கு ஏன் இந்த மதிப்பு என்று தெரிந்துகொண்டால் விலை எங்கே போகும் என்பதும் புரியும். 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது: நடுத்தர அளவுக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது. அதன் ஒரு பிரிவான பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவரது ஆட்களும் 389 கன அங்குல வி-8 எஞ்சினை டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குள் இறக்கினார்கள். தனி மாடல் என்றால் மேலிடம் மறுத்துவிடும், அதனால் 'விருப்பத் தொகுப்பு' என்ற பெயரில் விற்றார்கள். ஜி.டி.ஓ. என்ற பெயரை ஃபெராரியிடமிருந்து கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். 1964-லேயே 32,000-க்கு மேல் விற்றது. விற்ற பிறகு மேலிடம் வாய் திறக்குமா?

வாங்கியவர்கள் யார்? போருக்குப் பிறகு பிறந்து, அப்போதுதான் ஓட்டுநர் உரிமம் எடுத்த பிள்ளைகள். பெட்ரோல் மலிவு, தொழிற்சாலை வேலை தாராளம், டெட்ராய்ட் பகுதியின் வுட்வர்டு அவென்யூவில் இரவு சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம். ராயல் ஓக்கில் ராயல் பான்டியாக் என்ற விற்பனையாளர் எஞ்சினை முறுக்கேற்றியே விற்றார். நம் ஆட்கள் இன்று பராசக்தி கோயிலுக்குப் போய்வருகிற பான்டியாக் ஊரில்தான் இந்தக் கார்கள் உருண்டு வந்தன. உங்கள் பெரியவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். தான் செய்த பொருளையே சம்பளத்தில் வாங்கிய இருபது வயதுப் பையன்.

அந்தக் காலம் பத்து ஆண்டுகூட நீடிக்கவில்லை. இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பிரீமியத்தை ஏகத்துக்கும் ஏற்றிவிட்டன. 1970-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது, 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் (எரியும் முன் கலவையை எவ்வளவு அமுக்குகிறது என்ற கணக்கு, குறைந்தால் திறனும் குறையும்) குறைத்தது, 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சட்டென்று முடிந்துபோனதால்தான் அதன்மேல் இவ்வளவு ஏக்கம். அன்று வாங்க முடியாமல் போனவர்கள் ஐம்பது வயதில் கையில் பணத்தோடு திரும்பி வந்தார்கள். 2000-களின் நடுவில் டிவியில் ஏலம் பார்த்தே விலை எகிறியது, 2008 நெருக்கடியில் சரிந்தது, மறுபடி ஏறியது. இன்று அந்தத் தலைமுறைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வாங்கியவர்களே இப்போது விற்கிறார்கள், உங்கள் பெரியவரைப் போலவே. அடுத்து பணத்தோடு வருகிறவன் 1990-களில் வளர்ந்தவன். அவன் கனவில் வருவது டொயோட்டா சூப்ராவும் நிசான் ஸ்கைலைனும். நீங்கள் 2040-ல் விற்கப் போனால் யாரிடம் விற்பீர்கள் என்று யோசியுங்கள்.

"2014-ல் ஒரு பிளிமத் குடா 35 லட்சம் டாலருக்குப் போனதே" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். போனது. அது 1971-ன் கார், ஹெமி என்ற பந்தய ரக எஞ்சினும் மடக்குகிற கூரையும் கொண்டது. அப்படி மொத்தம் செய்ததே பத்துப் பன்னிரண்டு. 2020-ல் ஸ்டீவ் மெக்வீன் சினிமாவில் ஓட்டிய 1968 மஸ்டாங், நசுங்கலும் துருவுமாகவே, கட்டணத்தோடு 37 லட்சம் டாலரைத் தாண்டியது. 1967-ல் ஜி.டி.ஓ. 81,000-க்கு மேல் செய்தார்கள். நல்ல கார், ஆனால் அரிய கார் இல்லை. லட்சங்களில் போகிறவற்றை வைத்து இதற்கு விலை பேசக் கூடாது.

இனி அந்த 'நம்பர்ஸ் மேட்சிங்' விஷயம். காரோடு தொழிற்சாலையில் பிறந்த அதே எஞ்சின்தான் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு வார்த்தைக்காக ஆயிரக்கணக்கான டாலர் கூடக் கேட்பார்கள். பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 58 ஆண்டுகளில் எத்தனை கராஜுக்குப் போய்வந்த வண்டி! 1968 முதல் பான்டியாக் எஞ்சின் பிளாக்கில் (எஞ்சினின் இரும்பு உடல்) காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதியைப் பொறித்தார்கள். 1967-ல் அது கிடையாது. பிளாக்கின் முன்பக்கம், பயணி உட்காரும் பக்கமாக, எஞ்சினுக்கென்று தனி எண்ணும் இரண்டு எழுத்துக் குறியும் இருக்கும். நான்கு கியரோடு வந்த சாதாரண 335 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் அந்தக் குறி டபிள்யூ-டி. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்தில் அன்றைய விற்பனைச் சீட்டின் நகல் காசு கட்டினால் கிடைக்கும். அதிலிருக்கும் எஞ்சின் எண்ணும் பிளாக்கில் இருப்பதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். முதல் நிறமும் அதிலேயே தெரிந்துவிடும். அந்த ஆண்டு தொழிற்சாலையிலேயே சிவப்பு உண்டு. என்றாலும் பச்சையாகப் பிறந்து பிற்பாடு சிவப்பான கார்களுக்கு அமெரிக்காவில் பஞ்சமே இல்லை.

காரின் அடையாள எண் 242 என்று தொடங்கினால் அது ஜி.டி.ஓ., 237 என்றால் ஜி.டி.ஓ. வேடம் போட்ட லெமான்ஸ். ஒரே கையில் இருந்த கார் என்பதால் இங்கே அந்தப் பயம் குறைவு, ஆனாலும் பார்த்துவிடுங்கள். பார்க்கக் காசா பணமா?

இந்த அசல் எஞ்சின் பைத்தியம் எனக்குக் கொஞ்சம் வேடிக்கைதான். ஜி.டி.ஓ.வுக்குப் பேர் வாங்கித் தந்ததே 1964-ல் கார் அண்டு டிரைவர் இதழ் நடத்திய சோதனை. அந்தச் சோதனைக் காரில் 389-க்குப் பதிலாக 421 எஞ்சின் இருந்தது என்று, பான்டியாக்கின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்ட ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார். ஆக, புகழ் தொடங்கியதே மாற்று எஞ்சினில்.

எண்ணைவிட எனக்குக் கவலை துரு. மிச்சிகன் காரர் நீங்கள், குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் அந்த இருபது வயதில் முதல் சில குளிர்காலங்களில் இதிலேதான் வேலைக்குப் போயிருப்பார், வேறு கார் ஏது? லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். டிக்கித் தரை, பின்சக்கரங்களுக்கு மேலே காரைத் தாங்கும் இரும்புச் சட்டம் (ஃபிரேம்), பின்கண்ணாடியைச் சுற்றிய ஓரம், பின்பக்கத் தகட்டின் அடிப்பாகம். துணியில் சுற்றிய சிறு காந்தத்தை அந்தத் தகட்டில் வைத்தால், ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் புட்டி இருக்கிறது. எஞ்சினை இரண்டு மாதத்தில் சரி பண்ணிவிடலாம். சட்டம் அரித்திருந்தால் காரின் விலையே போதாது. சில நூறு டாலர் கொடுத்து, இந்தக் கார்களை அறிந்த ஒருவரை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார், தொழிற்சாலைக்காரருக்குச் சோதனை புதிதா என்ன?

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. சீட்டும் எண்ணும் ஒத்துப்போய், அடியில் துரு இல்லை என்றால் 58,000 அநியாய விலை இல்லை. எண் ஒத்துப்போகவில்லை என்றால் தயங்காமல் நாற்பதுகளில் பேசுங்கள். ஓட்டுவதற்கு வாங்குகிறவருக்கு அதுதான் நல்ல கார்கூட. அசல் எஞ்சின் உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து ஓட்ட வேண்டாம் பாருங்கள். ஆனால் பையனின் காலேஜ் பணத்தில் ஒரு டாலரும் கூடாது. அதைத் தொடாமல், கடனும் வாங்காமல், இந்தத் தொகையில் பாதி தொலைந்தாலும் வீடு ஆடாது என்ற நிலை இருந்தால் மட்டும் வாங்குங்கள். மனைவியிடம் 'முதலீடு' என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். "ஆசையாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். ஆசைக்கு அவர் ஒரு பட்ஜெட் போட்டுத் தருவார், முதலீட்டுக்கு எக்செல் ஷீட் கேட்பார். லாபத்துக்கு விற்றால் வரி உண்டு, சொந்தத்துக்கு ஓட்டிய காரில் நஷ்டம் வந்தால் வரியில் கழிக்க முடியாது. இதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

வாங்கிவிட்டால், வழக்கமான இன்சூரன்ஸ் வேண்டாம். விபத்தில் அன்றைய தேய்மான மதிப்பைத்தான் தருவார்கள். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதித் தரும் சேகரிப்புக் கார் பாலிசி எடுங்கள், பிரீமியமும் குறைவாகவே வரும். மிச்சிகனில் 25 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு 'ஹிஸ்டாரிக்' நம்பர் பிளேட் தருகிறார்கள். கார் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், ஆனால் ஆகஸ்ட் மாதம் முழுக்க சாதாரணமாக ஓட்டலாம். அந்த மாத மூன்றாவது சனிக்கிழமைதான் பழைய கார்கள் அணிவகுக்கும் வுட்வர்டு டிரீம் குரூஸ், உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையிலேயே. பெரியவர் அதற்குள் ஊர் மாறவில்லை என்றால் அவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

பெட்ரோல் பிரீமியம்தான் போட வேண்டும், அழுத்த விகிதம் 10.75. ஆயிலில் துத்தநாகம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், புது ஆயில்கள் வால்வுகளைத் திறக்கும் பழைய கேம்ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலைக் குளிர்காலம் முழுக்க கார்பரேட்டரில் தேங்க விடாதீர்கள். அப்புறம் பிரேக். 1967-ல் முன்சக்கர டிஸ்க் காசு கொடுத்துக் கேட்டவர்களுக்கு மட்டுமே வந்தது. பெரியவர் காரில் டிரம் இருந்தால், மகனை ஏற்றிக்கொண்டு போகும் முன்னால் டிஸ்க்காக மாற்றிவிடுங்கள். கழற்றிய டிரம்களைத் தூக்கிப் போட வேண்டாம், எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். என்றாவது விற்கிற நாளில் வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.