துபாயிலிருந்து வந்த டவர் ஸ்பீக்கருக்கு எந்த ரிசீவர்?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "மச்சான் துபாயிலிருந்து வந்தபோது ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் கொண்டுவந்தார். பின்னால் 4 ஓம், 86 டெசிபல், 150 வாட் என்று போட்டிருக்கிறது. சென்டருக்கும் பின்பக்கத்துக்கும் மதுரையில் வாங்கிய 8 ஓம் ஸ்பீக்கர் மூன்றும், ஒரு சப்வூஃபரும் இருக்கின்றன. ஹால் 14-க்கு 18 அடி. எல்லா ஸ்பீக்கருக்கும் பலம் கொடுக்கிற ரிசீவர் பெட்டி இரண்டு கடையில் காட்டினார்கள். ஒன்று 150 வாட், இன்னொன்று 80 வாட். 150 வாட் ஸ்பீக்கருக்கு 150 வாட் ரிசீவர்தான் ஜோடி என்கிறார் கடைக்காரர். 80 வாட் போட்டால் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்கிறார் நண்பர். எதை வாங்குவது?"

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மறுபடி கடைக்குப் போய், அந்த வாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள். 150 வாட்டுக்குக் கீழே "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல்" என்று இருக்கலாம். 80 வாட்டுக்குக் கீழே "8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 0.08 சதவீதம், இரண்டு சேனல்" என்று இருக்கலாம். அப்படி இருந்தால் (சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்குப் போகிற பாதை) இரண்டு பெட்டிக்கும் பலம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே மாடலுக்கே அட்டைப்பெட்டியில் ஒரு கணக்கும் கையேட்டில் இன்னொரு கணக்கும் போடுகிற வழக்கம் உண்டு. 10 சதவீத டிஸ்டார்ஷன் என்பது குரல் கிழிந்து கேட்கிற நிலை. அந்த அளவுக்கு முறுக்கி எடுத்த வாட்டை வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை. ஐந்து சேனலும் சேர்ந்து ஓடும்போது இரண்டு கணக்குமே இன்னும் இறங்கும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு சேனலுக்குச் சொன்ன கணக்கை மட்டும் ஒப்பிடுங்கள். அதைச் சொல்ல மறுக்கிற பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

எரிகிற விஷயத்துக்கு வருவோம். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 150 வாட், அது தாங்குகிற எல்லை. தினமும் தின்கிற சோறு அல்ல. சாதாரணமாகப் படம் பார்க்கையில் ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்றிரண்டு வாட்தான் போகும். வெடிச் சத்தம் வருகிற நொடியில் மட்டும் அது பல மடங்கு தாவும். ரிப்பேருக்காக என் மேசைக்கு எரிந்து வருகிறவற்றில் முக்கால்வாசி, கீச்சென்ற மேல்தொனி தருகிற குட்டி ட்வீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் கல்யாண வீட்டுக்கு அடுத்த நாள். சின்ன ரிசீவரைக் கடைசிவரை திருகி வைக்கும்போது அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது; அந்த வெட்டில் பிறக்கிற கூர்மையான சத்தம் முழுக்க ட்வீட்டர் தலையில் இறங்குகிறது. ஆக, எரிப்பது 80 வாட் அல்ல, வால்யூமில் இருக்கிற கை. குரல் கரகரக்க ஆரம்பித்த இடத்தில் கையை எடுத்துவிட்டால் 80 வாட்டில் 150 வாட் ஸ்பீக்கர் வருஷக்கணக்கில் ஓடும்.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது அந்த 4 ஓமைப் பற்றி. நம் கடற்கரையில் எந்தப் படகுக்காரராவது வலை எவ்வளவு இழுவை கொடுக்கும் என்று பார்க்காமல் குதிரைசக்தியை மட்டும் கேட்டு இன்ஜின் வாங்குவாரா? இங்கே ஓம்தான் அந்த இழுவையைச் சொல்லும்; ஓம் குறைந்தால் இழுவை கூடும். அதே வோல்டேஜில் 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு கரன்ட்டை 4 ஓம் இழுக்கும். பல ரிசீவர்களின் பின்புறத்தில், ஸ்பீக்கர் ஒயர் மாட்டுகிற இடத்துக்கு மேலே, "6 முதல் 16 ஓம்" என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் 4 ஓமை மாட்டினால் மெதுவாகக் கேட்கும்வரை ஒன்றும் தெரியாது. கிளைமாக்ஸில் 'டக்' என்று ரிலே (ஸ்பீக்கரைத் துண்டிக்கிற உள் சுவிட்ச்) விழும், திரை அணையும். மூடியைத் தொட்டால் தோசைக்கல்.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்கிற அந்த 86 டெசிபலைப் பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளப்பார்கள். 8 ஓமுக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு அதுவே 2 வாட். அப்படி அளந்திருந்தால் உங்கள் டவர் 1 வாட்டுக்கு உண்மையில் 83 டெசிபல்தான். சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிய ஹாலில் அந்தத் தூரத்துக்குச் சுமார் 6 டெசிபல் கழியும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும், ஆக 80. உச்சக் காட்சியில் 100 டெசிபல் தொட இன்னும் 20 வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாகும், 10-க்கு பத்து மடங்கு. அப்படியானால் ஸ்பீக்கருக்கு 100 வாட். இதே இடத்தில் 8 ஓம், 90 டெசிபல் ஸ்பீக்கர் இருந்திருந்தால் 20 வாட்டில் முடிந்திருக்கும்! 95 டெசிபல் போதும் என்றால் உங்களுக்கும் 32 வாட் போதும். ஓடு பதித்த தரையும் காங்கிரீட் கூரையும் உள்ள ஹாலில் 95-க்கு மேல் யாரும் உட்கார்ந்து ரசித்து நான் பார்த்ததில்லை.

ஆகவே என் தீர்ப்பு: 150-ஆ 80-ஆ என்று பார்க்க வேண்டாம். பின்பக்கத்தில் "4 ஓம்" என்று தெளிவாக அச்சிட்ட, இரண்டு சேனல் கணக்கில் 80 வாட்டுக்குக் குறையாத ரிசீவராக எடுங்கள். தூக்கிப் பாருங்கள். ஒரே விலையில் ஒன்று 8 கிலோ, இன்னொன்று 11 கிலோ என்றால் கனமானதை எடுப்பேன். அந்த எடை பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரும், சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க்கும். ஃப்ரன்ட் சேனலுக்கு ப்ரீ-அவுட் துளை (வேறு ஆம்புக்குச் சிக்னல் எடுக்கிற இடம்) இருந்தால் இன்னும் நல்லது. நாளைக்கு டவர்களுக்கு மட்டும் தனி பவர் ஆம்ப் வைத்துக்கொள்ளலாம், ரிசீவரை மாற்ற வேண்டியதில்லை. டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே ரிசீவருக்குக் கொண்டுவருகிற இ-ஆர்க் இருக்கட்டும், இப்போது வருகிறவற்றில் அநேகமாக இருக்கிறது.

மாட்டிய பிறகு செட்டிங்கில் டவர்களை 'ஸ்மால்' என்று வைத்து, அடித்தொனியைச் சப்வூஃபருக்குப் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ஆள் உயர ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்பதா என்று மச்சான் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை. கனமான அடித்தொனி முழுக்கச் சப்வூஃபருக்குப் போய்விடும், ரிசீவருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். மெனுவில் '4 ஓம்' என்று ஒரு தேர்வு இருந்தால் அது பலம் கூட்டுகிற பொத்தான் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானவற்றில் அது சூட்டைக் குறைப்பதற்காக வோல்டேஜை இறக்குகிறது, அவ்வளவுதான்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியோடு வருகிற சிவப்பு-கறுப்பு நூல் ஒயரை 10 மீட்டர் இழுத்தால் போக வர முக்கால் ஓம் தடை. 4 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஐந்தில் ஒரு பங்கு! ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் ஒயரின் தடை இருக்கவேண்டும் என்பது தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. டவர்கள் நாலைந்து மீட்டருக்குள் இருந்தால் 1.5 ஸ்கொயர் எம்எம் போதும், 10 மீட்டர் என்றால் 2.5. பின்பக்க 8 ஓமுக்கு 10 மீட்டருக்கும் 1.5 தாங்கும். வாங்குமுன் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மதுரைக்காரருக்கு இத்தோடு முடித்திருப்பேன். கடலோரத்தில் இருக்கிற உங்களுக்கு உப்புக் காற்றும் இருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் துருவோடு நூறு வருஷத்துக்கும் மேல் மல்லுக்கட்டியது. 2025-இல்தான் புதுப் பாலம் வந்தது. பாலத்தின் இரும்பையே தின்கிற காற்று, ரிசீவரின் செம்பை விட்டுவைக்குமா? கடலோர வீட்டு ரிசீவரைத் திறந்தால் ஸ்பீக்கர் முனைகளின் பின்னால் பச்சை பூத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் விட்டுவிட்டு வருகிறது, வால்யூம் ஏற்றினால் சரியாகிறது என்று கொண்டுவருகிறார்கள் பாருங்கள், அது அநேகமாக ரிலேயின் தொடுமுனை கறுத்துப்போனது. ஸ்பீக்கர்மேல் பழி போட்டு விற்றுவிட்டுப் பிறகு வந்தவர்களும் உண்டு. ஒயர் முனைகளில் தங்க முலாம் பூசிய பனானா பிளக் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடையுங்கள். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மேலே அரை அடி காற்று இடைவெளி விடுங்கள், ஆனால் பல்லி நுழையாத இடமாக இருக்கட்டும். தேவிபட்டினத்து வீடு ஒன்றில் பவர் சப்ளை போர்டின் குறுக்கே கருகிக் கிடந்த பல்லியை நானே இடுக்கியால் எடுத்திருக்கிறேன்.

கரன்ட்டும் சேர்த்துத்தான். ஐப்பசி இடிக்கு ப்ளக்கையும் டிஷ், கேபிள் ஒயரையும் பிடுங்கிவிடுவதுபோல் காப்பு எதுவும் இல்லை. வோல்டேஜ் ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் வைக்கலாம். இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் 'உம்ம்' என்று முனகும். சைன் வேவ் வகையாக இருக்கட்டும்.

ரிசீவரையே மச்சான் அடுத்த லீவுக்குக் கொண்டுவரட்டுமா என்று சபுராளி (வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்) வீடுகளில் கேட்பது வழக்கம். துபாயிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ப்ளக் மட்டும் வேறு. ஆனால் பல கம்பெனிகளின் அங்கத்து வாரண்டி இங்கே செல்லாது, உப்புக் காற்றுக்கு நடுவே வாரண்டி முக்கியம். இருந்தாலும் விலை இழுக்கிறது என்றால் பின்பக்கத்து வோல்டேஜ் சீட்டையும் 4 ஓம் அச்சையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். பெட்டியோடு 12, 13 கிலோ ஆகிவிடும், லக்கேஜில் பாதி அதற்கே போய்விடும். ஹாலின் ஒலியை அளவெடுக்கிற குட்டி மைக்கையும் ரிமோட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.