"ஆறு வரைக்கும் நம்ம இடம்தான் சார்!"

கேள்வி: அடையாற்றங்கரையில் வெள்ளைக்காரர் காலத்துத் தோட்ட பங்களா ஒன்று விலைக்கு வருகிறது. நானும் தம்பியும் சேர்ந்து வாங்கி, பழுதுபார்த்துக் குடியிருக்கலாம் என்று ஆசை. "பதினோரு கிரவுண்டு, ஆறு வரைக்கும் நம்ம இடம்தான், இ.சி. (வில்லங்கச் சான்று) கிளீன், பட்டா இருக்கு, பாரம்பரியக் கட்டடப் பட்டியல்லயும் இருக்கு" என்கிறார் தரகர். வெள்ளிக்கிழமைக்குள் டோக்கன் அட்வான்ஸ் ஐந்து லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வீட்டை வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டாம்.

பதினோரு கிரவுண்டு என்று சொன்னவர் தரகர். பத்திரம் என்ன சொல்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சில வருடங்களுக்கு முன் இதே ஆற்றங்கரையில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். தேக்குக் கதவு, மெட்ராஸ் டெரஸ் கூரை, கடப்பைக் கல் பாவிய பின் வராந்தா. பின்னால் கிணறு, கிணற்றைத் தாண்டி எட்டுத் தென்னை, அப்புறம் மதில், மதிலில் ஒரு சின்ன இரும்பு கேட். அதைத் திறந்தால் ஆறு. வாங்க வந்தவர் அந்த கேட்டிலேயே மயங்கிவிட்டார். மூலப் பத்திரத்தைப் பிரித்தால் "தெற்கே அடையாறு" என்று எல்லை, பரப்பு எட்டு கிரவுண்டு, பக்கத்தில் "ஏறக்குறைய" என்று ஒரு வார்த்தை. தெருப் பக்கத்திலிருந்து டேப் பிடித்தோம். எட்டு கிரவுண்டு கிணற்றடியோடு முடிந்துவிட்டது. தென்னை, மதில், அந்த அழகான கேட் எல்லாமே ஆற்றுப் புறம்போக்கில், அதாவது அரசு நிலத்தில் நின்றன. தரகர் அசரவில்லை. "அதான் சார் 'ஏறக்குறைய'ன்னு போட்டிருக்கே" என்றார்.

'தெற்கே ஆறு' என்றால் ஆறு தொடங்கும் இடத்தில் உங்கள் நிலம் முடிகிறது என்று அர்த்தம். தண்ணீர் வற்றித் தள்ளிப் போனால் நிலமும் கூடவே நடந்து போகாது. ஆற்றுப் படுகை அரசுடையது என்று 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே சொல்கிறது. எல்லைக்கும் பரப்புக்கும் முரண் வந்தால் எல்லைதான் செல்லும் என்று தரகர் ஒரு சட்டம் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரரோடு வரும் வழக்கில் அது எடுபடலாம். அரசு நிலத்தை விற்க விற்பவருக்கே உரிமை இல்லாதபோது எதை வைத்துப் பேசுவது?

ஆகவே முதல் வேலை, நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் வரைபடமும் வாங்குங்கள். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை நீங்களே கூட்டிப்போங்கள். தரகர் கூட்டிவரும் சர்வேயர் வேண்டாம், அவர் தரும் 'லீகல் ஒப்பீனியனும்' வேண்டாம். பழைய பத்திரத்தில் காணிக் கணக்கு இருந்தால் மிரள வேண்டாம். 24 கிரவுண்டு ஒரு காணி, 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு. நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

'இ.சி. கிளீன்' என்பதற்கும் ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களை மட்டும் காட்டும். கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு, பதியாத உயில், புறம்போக்கு, எதுவும் அதில் வராது. இணையத்தில் சில பத்தாண்டுகளுக்குத்தான் கிடைக்கும். உங்கள் பங்களாவின் கதை அதற்கு வெகு முன்பே ஆரம்பித்தது. முந்தைய காலத்துக்குப் பதிவு அலுவலகத்தில் மனுப்போட்டு நடையாய் நடக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் வாங்கிக்கொண்டு, விற்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்பார்கள். சட்டப்படி அது சரிதான். நூற்றுக்கு ஒன்பது ரூபாய் கொடுத்த மனுஷனுக்கு எரிச்சல் வராதா?

இனி, தரகர் வாயே திறக்காத விஷயம்: அர்பன் சீலிங். 1978-ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டப்படி சென்னையில் தனிநபர் ஒருவர் 500 சதுர மீட்டர் காலி நிலம்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. அதாவது இரண்டேகால் கிரவுண்டு. கட்டடமும் அதை ஒட்டிய கொஞ்ச இடமும் போக, தோட்டம் முழுக்கக் காலி நிலக் கணக்கில் வந்துவிட்டது. தோட்ட பங்களாக்காரர்கள் பலர் இதில் மாட்டினார்கள். 'சட்டம்தான் 1999-ல் ரத்தாகிவிட்டதே' என்பீர்கள். ரத்தாகிவிட்டது, ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 1999 ஜூன் 16-க்கு முன் அரசு உச்சவரம்புக்கு மேற்பட்ட அந்த மிகை நிலத்தைச் சுவாதீனம் எடுத்திருந்தால், அதாவது தன் கைவசம் கொண்டுவந்திருந்தால், நிலம் அரசுடையதுதான். எடுக்கவில்லை என்றால் நடவடிக்கை அத்தோடு செத்தது, நிலம் பழைய உரிமையாளருக்கே. எடுத்தார்களா இல்லையா என்பதில்தான் தகராறே. தாசில்தார் ஆபீஸில் உட்கார்ந்தபடி 'சுவாதீனம் எடுக்கப்பட்டது' என்று ஒரு காகிதத்தில் எழுதிவைத்திருப்பார்கள். உரிமையாளரோ அதே தோட்டத்தில் மாங்காய் பறித்துக்கொண்டிருப்பார். காகிதத்தில் எடுத்தது போதாது, நிஜமாகவே எடுத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்தாலும் பதிவேட்டில் அரசு நிலம் என்று ஏறிய வரி தானாக இறங்காது. அதை இறக்க ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கைகாட்டும். இந்த நிலத்தின்மேல் சீலிங் நடவடிக்கை இருந்ததா, சுவாதீனம் எடுத்தார்களா என்று எழுத்துமூலம் பதில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது.

பாரம்பரியப் பட்டியல் விஷயம் சுருக்கம். உயர் நீதிமன்றத்தின் 2010 தீர்ப்பில் இடம்பெற்ற பட்டியலில் இருந்தால், இடிக்கவோ முகப்பை மாற்றவோ பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். விற்கத் தடை இல்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது உரிமைக்கான சான்று ஆகாது. நீங்கள் குடியிருக்கத்தானே வாங்குகிறீர்கள், பயப்பட வேண்டாம். முகத்துவாரத்துக்குப் பக்கம், கடல் ஏற்றத் தண்ணீர் வந்துபோகும் இடம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடும் சேரும். புதிதாக எதையும் கட்டும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடையாற்றங்கரையில் கோட்டை மாதிரி வீடு கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜேம்ஸ் பிராடி, கடைசியில் அந்த ஆற்றிலேயே படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டில் இப்போது அரசு இசைக் கல்லூரி நடக்கிறது. ஆறு பொல்லாதது என்பதற்காகச் சொன்னேன். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று விற்பவரைக் கேட்காதீர்கள், "வாசப்படியோட நின்னுடுச்சு" என்பார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். சுவரில் மார்பளவு வரை மட்டும் பெயிண்ட் புதிதாக இருக்கிறதா, மீட்டர் பெட்டியை உயரத்தில் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பரம்பரைச் சொத்து என்றால் மகன்கள் கையெழுத்து மட்டும் போதாது, மகள்களும் பத்திரத்தில் சேர வேண்டும். "அக்கா அமெரிக்காவுல இருக்காங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பதெல்லாம் ஆவணம் ஆகாது. பவரை (பவர் ஆஃப் அட்டர்னி) வைத்து வேறொருவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் போனால் பவரும் போச்சு.

இத்தனைக்கும் பிறகு அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தால், தரகர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உரிமையாளர்கள் எல்லாருடைய பெயரிலும் வங்கி வழியாகக் கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள், 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம். "வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்று தரகர் போன் செய்தால், அந்தப் பார்ட்டிக்கே கொடுக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அவரே கூப்பிடுவார்.

இப்போதைக்கு மூலப் பத்திரத்தில் சொத்து விவரம் உள்ள பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்புங்கள். தெற்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.