மார்கிட்டிடம் தோற்றுக்கொண்டே இருக்கும் நண்பருக்கு

எல்டன் ரிங் வீடியோ கேமில் ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசலில் நிற்கும் பெரிய எதிரி மார்கிட்டைத் தாண்ட முடியவில்லை, கூடச் சண்டை போட ஓநாய் ஆவிகளை அழைத்தால் "இதெல்லாம் ஒரு வெற்றியா" என்று டிஸ்கார்டில் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

தாராளமாக அழையுங்கள். 2022-இல் ஆட்டம் வந்தபோதே அதை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உள்ளே வைத்துக் கொடுத்த வசதிதான் அது, ஏமாற்றி ஜெயிக்கும் சீட் கோட் இல்லை. "கிட் குட்" (முதலில் நன்றாக ஆடக் கற்றுக்கொள்) என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் யூடியூப் பார்த்துத்தான் ஜெயித்திருப்பார்கள், விடுங்கள்.

உங்கள் பிரச்சினை அனேகமாக அவசரம்தான். மார்கிட் தடியைத் தூக்கியதும் உருண்டுவிடுகிறீர்கள். அவனோ தூக்கிய கையை அப்படியே நிறுத்தி, நீங்கள் எழுந்து நிற்கும்போது போடுகிறான். தடி கீழே இறங்கத் தொடங்கிய பிறகு உருளுங்கள். அப்புறம், அவன் எதிரில் நின்று உயிரை ஏற்றும் குப்பியைக் குடிக்காதீர்கள், கத்தி பறந்து வரும். ஓநாய்கள் அவனைச் சுற்றும்போது குடிக்கலாம்.

முர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்கிற வியாபாரி 5,000 ரூனுக்கு (ஆட்டத்தின் பணம்) விற்கும் கைவிலங்கை வாங்கினால் சண்டையின் முதல் பாதியில் அவனைக் கொஞ்ச நேரம் தரையோடு கட்டிப்போடலாம். அதுவும் போதவில்லை என்றால், சரி, தெற்கே வீப்பிங் பெனின்சுலாவில் சுற்றி லெவலை ஏற்றிவிட்டு வாருங்கள்.