கடக்வாஸ்லாவில் படிப்பு, அம்மாபேட்டையில் வெல்டிங்

கேள்வி: புனே பக்கம் கடக்வாஸ்லாவில், தேசிய பாதுகாப்பு அகாடமியில் மூன்றாவது டெர்ம் படிக்கிறேன். ராணுவப் பிரிவு. சேலம் அம்மாபேட்டையில் மாமா கேட், கிரில் பட்டறை வைத்திருக்கிறார். வெல்டிங்கை முறையாகக் கற்க ஆசை. கூடவே ஐ.டி.ஐ. சான்றிதழும் வாங்க முடியுமா? ‘ஆபீசர் ஆகப் போறவனுக்கு எதுக்குடா பட்டறை வேலை’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: ஐ.டி.ஐ.யை மறந்துவிடுங்கள் தம்பி. வெல்டர் டிரேடு ஒரு வருடப் படிப்பு, வருகைப் பதிவு உண்டு. அகாடமியிலோ காலை பி.டி.யில் ஆரம்பித்து இரவு விளக்கணைக்கும் வரை உங்கள் நேரம் உங்களுடையது இல்லை. சான்றிதழ் வைத்து நீங்கள் வேலை தேடப் போவதும் இல்லை. வேண்டியது கைப்பழக்கம்தானே? ஆறு டெர்மில் மூன்றாவது என்றால், பாசிங் அவுட்டுக்கு முன் இன்னும் மூன்று விடுமுறை இருக்கிறது. அது போதும்.

முதல் விடுமுறையில் கேட் செய்ய ஆசைப்படாதீர்கள். மாமாவிடம் கழிவு எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட்டுத் துண்டுகளும் 6013 ரக வெல்டிங் ராடும் கேட்டு வாங்கி, தட்டையாக வைத்து நேர்கோடு ஓட்டுங்கள். ராடு முனைக்கும் பிளேட்டுக்கும் நடுவே ராடின் கனம் அளவு இடைவெளி இருந்தால் ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்சுடர்) சீராகப் பொரியும். நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் சிதறும். கண்ணுக்கு முன்னால் காது அதைக் கண்டுபிடித்துவிடும். அடுத்த விடுமுறையிலும் இதே கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஆறு மாதம் ராடு பிடிக்காத கை நடுங்கும். மூலை ஜாயின்ட், நின்ற நிலை வெல்டிங் எல்லாம் அப்புறம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமா சொன்னாலும் கேட்காதீர்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் டேக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டு) அடிக்கும்போது கருப்புக் கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும், தண்ணீராகக் கொட்டும். அதுவாவது ஓரிரு நாளில் ஆறிவிடும். கிரைண்டர் தூள் கருவிழியில் குத்தினால் தழும்பே விழலாம். கையில் பெரிய காயத்தோடு திரும்பிப் போய்ப் பயிற்சி தவறினால் ஒரு டெர்ம் பின்னுக்குத் தள்ளப்படுகிற ஆபத்தும் இருக்கிறது. ஆகவே முகமூடி, தோல் கையுறை, ஷூ. செருப்போடு பட்டறைக்குள் போகவே கூடாது.

சிரிக்கிறவர்களுக்கு: நான் ராணுவத்தின் இ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியியல் படைப்பிரிவு) ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தவன். டாங்கி முதல் ஜீப் வரை பழுது பார்ப்பது அந்தப் படைப்பிரிவுதான். அதிலும் ஆபீசர்கள் இருக்கிறார்கள். ஜாயின்ட்டைப் பார்த்ததும் ‘இது உள்ளே பிடிக்கவில்லை’ என்று சொல்லத் தெரிந்த ஆபீசரிடம் நாங்கள் வேலையை மழுப்ப மாட்டோம், விருப்பத்தோடு பேசவும் செய்வோம். அப்படிப்பட்டவர்கள் குறைவு. அகாடமி முடிந்து டேராடூன் ராணுவ அகாடமிக்குப் போனதும் படைப்பிரிவு விருப்பம் கேட்பார்கள், யோசித்து வையுங்கள்.

கேள்வி: பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. சேர்ந்த என் மகன் என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாமா?
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: பன்னிரண்டாம் வகுப்பு அவசியம் அம்மா. ராணுவப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் சரி. கடற்படை, விமானப்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள் சேர வேண்டும், எனவே தள்ளிப்போடாதீர்கள்.