வெறும் பயமா, உடம்பு சொல்லும் சேதியா?

கேள்வி: எனக்கு வயது 48. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறேன். கொஞ்ச நாளாக உர வாளியோடு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதுகும் தாடையும் கனக்கின்றன. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஏதோ சரியில்லை என்று உள்மனசு சொல்கிறது. வீட்டுக்காரர், "வயசாகுது, சும்மா பயப்படாதே" என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உள்மனசு சொல்வதைக் கேளுங்கள். நாளைக்கே கிளினிக்குப் போங்கள்.

மேடு ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் குறுகினால் இப்படிக் காட்டும். பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்கல், தாடைக் கனம், குமட்டல், அசதி என்று வருவதும் உண்டு. வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

உள்மனசு என்று நாம் சொல்வதில் பாதி உடம்பின் பேச்சுதான். இதயம், நுரையீரல், வயிறு எல்லாவற்றையும் மூளையோடு இணைக்கிற வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 விழுக்காடு, உடம்பிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டு போகிறவை. காரணம் புரிவதற்கு முன்பே 'சரியில்லை' என்று தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நம் பெண்களுக்கு அடக்கித்தான் பழக்கம். தோட்டத்து நிரையில், மர வரிசைக்குள், ஒதுங்க இடமில்லை என்று காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! தாகத்தையும் சிறுநீரையும் வருடக்கணக்கில் அடக்கியவளுக்கு மூச்சு வாங்குவதும் பெரிதாகத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

பயத்திலும் மூச்சு வாங்கும், உண்மைதான். எது என்று சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். எப்போது வந்தது, என்ன தூக்கினீர்கள், எத்தனை நிமிடத்தில் அடங்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். "அசதியா இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தாலும் தொந்தரவு தொடர்ந்தால், நடக்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்).

அதுவரை உர வாளியைத் தொடாதீர்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்குங்கள். உட்கார்ந்த பிறகும் கனம் குறையாவிட்டால், அல்லது குளிர்ந்து வியர்த்தால், மோட்டார் சைக்கிளில் ஏறாமல் உடனே ஆம்புலன்சுக்கு 999 அழையுங்கள். கிளினிக்குக்கு வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள், டாக்டர் சொல்வதை அவரும் கேட்கட்டும்.